64-லிருந்து 256-க்கு: ஒரு கெர்னலின் சிபியு வரம்பை உயர்த்தியபோது உடைந்தவை

எங்கள் கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) பழைய பிஎஸ்டி வம்சம், அதாவது யூனிக்ஸின் ஒரு கிளை. சேமிப்பகப் பெட்டிகளுக்குள் ஓடுவது, வெளியில் யாருக்கும் பெயர் தெரியாது. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு சின்னக் குழு பல வருடமாக அதைக் கவனித்துக்கொள்கிறது, அதில் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒரு இயந்திரத்தில் அதிகபட்சம் 64 சிபியு வரைதான் அது தாங்கும். (இங்கே சிபியு என்று நான் சொல்வதெல்லாம் கெர்னல் கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொரு வன்பொருள் த்ரெட்டையும்தான்.) புதிதாக வந்திறங்கிய இயந்திரத்தில் ஏஎம்டி எபிக் இரண்டு, ஒவ்வொன்றிலும் 64 கோர், கோருக்கு 2 த்ரெட், ஆக மொத்தம் 256. மேலே இருப்பவர்கள் கேட்டது ஒன்றுதான்: அந்த 64 என்ற எண்ணை 256 ஆக்கிவிட்டால் முடிந்ததுதானே?

முடியவில்லை. ஏன் என்பதை எழுதி வைக்கிறேன். இந்த வேலையில் இறங்கப் போகிற அடுத்தவருக்கு எங்கெல்லாம் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது. சிபியு வரம்பு ஒரு ஹெட்டர் ஃபைலில் ஒரு மாறிலியாக, ஒரு வரியில் தெரிகிறது, ஆனால் உண்மையில் அது கெர்னல் முழுக்க மாறிகளின் அகலத்தில் ஒளிந்திருக்கிறது. எட்டு பிட், முப்பத்திரண்டு பிட், அறுபத்து நான்கு பிட் என்று ஒவ்வொரு இடத்திலும் யாரோ எப்போதோ எடுத்த ஒரு முடிவு. பெயரைத் தேடினால் அந்த மாறிலி வருகிற இடங்கள் மட்டும் கிடைக்கும், மாறிலியைக் கூப்பிடாமலே அதை நம்பியிருக்கிற இடங்கள் கிடைக்காது. நம்மைக் கடிப்பது இரண்டாவது வகைதான்.

64 என்ற எண் எப்படி வந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. எந்தெந்த சிபியு என்பதை ஒரு முழு எண்ணில் பிட் பிட்டாகக் குறித்து வைப்பார்கள், அதுதான் மாஸ்க். 64 பிட் இயந்திரத்தில் ஒரு சொல்லுக்குள் 64 பிட்தான் அடங்கும். எல்லாருமே இந்த வழியில் வந்தவர்கள்தான். ஃப்ரீபிஎஸ்டியில் 32 பிட் மாஸ்க் இருந்து, 2012-ல் 9.0 வந்தபோதுதான் அது பெரிய அமைப்பாக மாறியது. விண்டோஸில் மாஸ்க் இன்றும் 64 பிட்தான், அதைத் தாண்ட விண்டோஸ் 7 காலத்தில் சிபியுக்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். லினக்ஸ் மாஸ்க்கையே தனி வகையாக ஆக்கி, எக்ஸ்86-ல் 8192 வரை போக வழி செய்து வைத்திருக்கிறது. நாங்கள்தான் தாமதம்.

சரி, முதல் முயற்சி. மாறிலியை 256 ஆக்கிய பேட்ச் எங்களுக்கு முன்பே ஒருவர் போட்டுவைத்திருந்தார். பில்ட் ஒரு குறையும் சொல்லாமல் முடிந்தது. பூட் செய்தோம். கோயம்புத்தூர்க்காரத் தம்பி லேபில் உட்கார்ந்திருந்தான், அங்கே விசிறிச் சத்தத்தில் போனில் கத்தித்தான் பேச வேண்டும்: "அக்கா, சீரியல் கன்சோல்ல மெமரி மேப் வந்துச்சுங்க, அதோட நின்னுருச்சு. பேனிக் கூட ஆகல." பேனிக் என்றால் கெர்னல் பிழைச் செய்தி சொல்லித் தானே நிற்பது. அதுவும் ஆகாமல், எந்தச் செய்தியும் இல்லாமல், ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் ஏதோ லூப்பில் சுற்றுகிறது என்று அர்த்தம். டீபக்கரை மாட்டிப் பார்த்தால் அப்படியே. ஒவ்வொரு சிபியுவுக்கும் உரிய அமைப்பைச் சுழியாக்கும் லூப், அதன் எண்ணி எட்டு பிட். 0-லிருந்து 255 வரை போய், அடுத்து 256 ஆக முடியாமல் மறுபடி 0. "256-ஐ விடச் சின்னதா" என்ற கேள்விக்கு எட்டு பிட் எண் ஒருநாளும் இல்லை என்று சொல்லாது. வரம்பு 64 ஆக இருந்தவரை இந்த லூப்பில் பிழையே கிடையாது. கூடுதல் எச்சரிக்கைகளை இயக்கியிருந்தால் கம்பைலரே இதைச் சொல்லியிருக்கும், ஆனால் பழைய கோடில் எச்சரிக்கை அதிகம் வருகிறது என்று அந்த டைரக்டரிக்கு மட்டும் அதை அணைத்து வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் ஒரு யோசனை வந்தது, வேறு குழுவிலிருந்து: வரம்பை 255 என்று வைத்துவிட்டால் லூப் முடிந்துவிடும், ஒரே ஒரு சிபியுதானே போகிறது, அனுப்பிவிடலாமே. நான் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். லூப் முடிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் 255-ல் வைத்து மூடினால், அந்த லூப்பைப் போல எட்டு பிட்டை நம்பியிருக்கும் மற்ற எல்லா இடங்களும் அப்படியே உறங்கும், அடுத்த இயந்திரம் வரும்போது ஒன்றாக எழுந்திரிக்கும். அடுத்த இயந்திரம் தூரத்திலும் இல்லை. 2024-ல் வந்த எபிக் வரிசையில் ஒரு சில்லிலேயே 192 கோர் உண்டு, இரண்டு போட்டால் 768 த்ரெட். அதோடு, லூப்பைச் சரிசெய்த கையோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது: ஒரு த்ரெட் (இங்கே வன்பொருள் இல்லை, புரோகிராமின் ஒரு ஓட்டம்) எந்த சிபியுவில் ஓடுகிறது என்று குறிக்கும் ஃபீல்டு ஒரு பைட், எந்த சிபியுவிலும் இல்லை என்பதற்கான மதிப்பு 255. பிஎஸ்டி மரபில் வந்த பழக்கம் இது. 256 சிபியு இருக்கும் இயந்திரத்தில் கடைசி சிபியுவின் எண்ணும் 255-தான். அங்கே ஓடிக்கொண்டிருக்கிற த்ரெட்டைப் பார்த்து கெர்னலின் மற்ற பகுதிகள் "இது எங்கும் ஓடவில்லை" என்று முடிவு செய்துவிடும், அதன் மேல் இன்னொரு சிபியு கை வைக்கும். ஃப்ரீபிஎஸ்டி இதே சிக்கலை எப்படித் தீர்த்தது என்று பார்த்தோம்: கெர்னலுக்குள் அந்த எண்ணை முழு இன்டிஜராக்கி, இல்லை என்பதற்கு மைனஸ் ஒன்று வைத்துக்கொண்டு, வெளியே புரோகிராம்களுக்குக் காட்டும் அமைப்பில் மட்டும் பழைய ஒரு பைட் ஃபீல்டைப் பழைய பெயரோடு விட்டுவைத்து, பக்கத்தில் புதியதைச் சேர்த்திருக்கிறார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பூட்டில் கெர்னல் மேலே வந்தது, ஆனால் 255 சிபியுதான் இருப்பதாகச் சொன்னது. இது எங்கள் எண்கணிதப் பிழை இல்லை, வன்பொருளின் வரம்பு. ஒவ்வொரு சிபியுவுக்கும் ஏபிஐசி என்ற இன்டரப்ட் சுற்று உண்டு (இன்டரப்ட் என்பது கையிலிருக்கும் வேலையை நிறுத்திக் கவனிக்கச் சொல்லும் சமிக்ஞை), அதற்கு ஒரு அடையாள எண்ணும் உண்டு. பழைய முறையில் அது எட்டு பிட், அதிலும் 255 என்பது "எல்லாருக்கும்" என்று பொருள்படும் ஒலிபரப்பு முகவரி, எந்தத் தனி சிபியுவுக்கும் அதைக் கொடுக்க முடியாது. அதனால் இயந்திரத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஃபர்ம்வேர் கெர்னலுக்குச் சொல்லும் ஏசிபிஐ அட்டவணையில் 255-க்குக் கீழே உள்ள எண்கள் 0-ஆம் வகைப் பதிவாகவும், 255-ம் அதற்கு மேலும் 9-ஆம் வகைப் பதிவாகவும் வரும். எங்கள் கெர்னலுக்கு 9-ஆம் வகை என்றால் என்னவென்றே தெரியாது, தெரியாத வகை வந்தால் தாண்டிப் போய்விடும். படிக்கக் கற்றுக்கொடுப்பது எளிது. ஆனால் அந்தக் கடைசி சிபியுவை எழுப்ப வேண்டுமானால் 32 பிட் அடையாள எண் கொண்ட எக்ஸ்2ஏபிஐசி முறைக்கு மாற வேண்டும், அது கொஞ்சம் வேலை.

அந்த முறையில் ரெஜிஸ்டர்கள் மெமரி முகவரியில் இருக்காது, எம்எஸ்ஆர் என்ற சிபியுவின் உள் ரெஜிஸ்டர்கள் வழியாக எழுத வேண்டும். ஒரு சிபியு இன்னொன்றுக்கு இன்டரப்ட் அனுப்ப முன்பு இரண்டு முறை எழுதுவோம், இதில் ஒரே எழுத்து. சந்தோஷமான விஷயம்தான், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. பழைய முறையில் அந்த எழுத்து, அதற்கு முன் மெமரியில் எழுதியதெல்லாம் மற்றவர்களுக்குத் தெரிந்த பிறகே போகும். எக்ஸ்2ஏபிஐசியின் எம்எஸ்ஆர் எழுத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது என்று இன்டெல் கையேடு வெளிப்படையாகவே சொல்கிறது. அதாவது நான் ஒரு செய்தியை மெமரியில் வைத்துவிட்டு "பார்" என்று இன்டரப்ட் அனுப்புகிறேன், இன்டரப்ட் முந்திப் போய்விடலாம், அந்தப் பக்கம் திறந்து பார்த்தால் செய்தி இருக்காது. அனுப்பும் முன் ஒரு ஃபென்ஸ், அதாவது முந்தைய எழுத்துகள் முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் கட்டளை, போட வேண்டும். எங்கள் சோதனைகளில் இந்தக் கோளாறு ஒருமுறை கூட வரவில்லை, கையேட்டைப் படித்துத்தான் சேர்த்தோம். வராத கோளாறுக்கு எதற்கு ஃபென்ஸ் என்று கேட்டவர்களுக்கு, இது வருடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு வாடிக்கையாளர் இடத்தில் மட்டும் வருகிற ரகம், அப்போது யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் என் பதில்.

இப்போது 256-ம் வந்துவிட்டது, டெஸ்ட்கள் பச்சை. பூட் ஆகாமல் இருந்திருந்தால் கூடக் கவலை குறைவு என்று அப்புறம்தான் புரிந்தது.

அழுத்தம் கொடுத்து ஓடவிட்ட சோதனையில் டேட்டாபேஸ் புரோகிராம் ஒன்று அவ்வப்போது செக்சம் (டேட்டா மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) பொருந்தவில்லை என்று சொல்ல ஆரம்பித்தது. வட்டில் இருக்கும் டேட்டா சரி, மறுபடி படித்தால் சரி, ஒரு கணத்தில் மட்டும் தவறு. முதல் சந்தேகம் மெமரி மேல் போனது, இயந்திரம் கொடுத்தவர்கள் மெமரி அட்டைகளை மாற்றியே கொடுத்துவிட்டார்கள், மெமரிப் பிழைகளைக் குறிக்கும் ஈசிசி பதிவில் ஒரு பிழை கூட இல்லாதபோதும். எங்கள் குழுவில் மூத்தவர் திருநெல்வேலிக்காரர், எதையும் அவசரப்பட்டுச் சொல்லாதவர், அவர்தான் சொன்னார்: "மெமரிய மாத்திப் பாத்தாச்சு, இனி மாத்த என்ன இருக்கு? எந்த சிபியுல நடக்குன்னு மட்டும் எடுத்துப் பாப்போம்." தம்பி லாக்கில் சிபியு எண்ணைச் சேர்த்து ஓடவிட்டான். அன்று மாலையே வந்து சொன்னான்: "அண்ணா, எல்லாமே 64-க்கு மேலதானுங்க. ஒண்ணு கூட கீழ இல்ல."

அந்த ஒரு வரி போதும். ஒவ்வொரு சிபியுவும் அண்மையில் பயன்படுத்திய முகவரி மாற்றங்களை டிஎல்பி என்ற சிறு அட்டவணையில் நினைவில் வைத்திருக்கும். ஒரு புரோகிராமின் மெமரியிலிருந்து ஒரு பக்கத்தை (மெமரியின் ஒரு துண்டு) எடுத்துவிடும்போது, அந்தப் புரோகிராம் இப்போது எந்தெந்த சிபியுவில் ஓடுகிறதோ அவற்றுக்கெல்லாம் இன்டரப்ட் அனுப்பி, "உங்கள் டிஎல்பியில் இந்த முகவரி இருந்தால் அழித்துவிடுங்கள்" என்று சொல்லி, எல்லாரும் அழித்தாகிவிட்டது என்று பதில் வந்த பிறகே அந்தப் பக்கத்தை வேறு வேலைக்குக் கொடுக்க வேண்டும். யாருக்கு அனுப்புவது என்பதைச் சொல்வது அந்த மாஸ்க். மாஸ்க்கில் ஒரு சிபியுவைச் சேர்க்க, 1-ஐ அந்த சிபியு எண் அளவுக்கு இடப்பக்கம் நகர்த்துவோம். 64 பிட் எண்ணை 70 இடம் நகர்த்தினால் என்ன வரும்? சி மொழிப்படி அதற்கு வரையறையே கிடையாது. நடைமுறையில் எக்ஸ்86 சில்லு நகர்த்தும் அளவின் கடைசி ஆறு பிட்டை மட்டும்தான் பார்க்கும், 70 போய் 6 ஆகிவிடும். ஆக 70-வது சிபியு தன்னைப் பதிவு செய்யும்போது 6-வது பிட்டை வைக்கிறது. பக்கத்தை எடுக்கும் சிபியு 6-க்கு இன்டரப்ட் அனுப்புகிறது, 6 தன் டிஎல்பியைக் கழுவிவிட்டு ஆயிற்று என்கிறது, அனுப்பியவர் திருப்தியாகிவிடுகிறார். பதிவுத் தபால் வேறு வீட்டுக்குப் போய், அந்த வீட்டுக்காரர் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்ட மாதிரி. 70-வது சிபியுவுக்கு எதுவும் தெரியாது, அது பழைய முகவரி வழியாக, இப்போது வேறு யாருக்கோ சொந்தமான பக்கத்தை நிம்மதியாகப் படித்துக்கொண்டிருக்கிறது.

செக்சம் என்று ஒன்று இருந்ததால் எங்களுக்குத் தெரிந்தது. இல்லாத புரோகிராம் தவறான டேட்டாவை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் போயிருக்கும். ஒரு சேமிப்பகப் பெட்டியில் இதைவிட மோசமான பிழை எனக்குத் தெரிந்து இல்லை, ஒரு வாடிக்கையாளரின் பக்கத்தை இன்னொருவர் படிக்கலாம் என்பதால் இது பாதுகாப்புப் பிழையும்கூட. உறுதி செய்ய ஒரு சின்னச் சோதனை எழுதினோம்: ஒரே புரோகிராமின் இரண்டு த்ரெட், ஒன்றை 70-வது சிபியுவில் கட்டிவைத்து ஒரு பக்கத்தை ஓயாமல் படிக்கச் சொல்வது, மற்றதை 3-வது சிபியுவில் வைத்து அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்வது. எடுத்த உடனே படிக்கும் த்ரெட் ஃபால்ட் ஆகிச் சாக வேண்டும். சாகவில்லை, படித்துக்கொண்டே இருந்தது.

சரி, எங்கெல்லாம் இப்படி நகர்த்தல் இருக்கிறது? தேடல் கட்டளையில் கண்டுபிடிக்கப் பார்த்தோம், குறியீடு எல்லா இடத்திலும் எல்லாக் காரணத்துக்கும் இருக்கிறது, பயனில்லை. கம்பைலரையே தேடச் சொல்வதுதான் வழி. மாஸ்க்கை வெறும் எண்ணாக வைக்காமல், உள்ளே 64 பிட் சொற்கள் 16 கொண்ட ஒரு ஸ்ட்ரக்டாக்கினோம் (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய அமைப்பு), அதாவது 1024 சிபியு. ஸ்ட்ரக்டை நகர்த்த முடியாது, கூட்ட முடியாது, சுழியோடு ஒப்பிட முடியாது. மாஸ்க்கை எண்ணாக நினைத்துத் தொட்ட ஒவ்வொரு வரியும் அந்தக் கணமே கம்பைல் பிழையாக வந்து நிற்கும். பில்ட் மொத்தமும் சிவப்பாகிவிடும், பார்க்கவே பயமாக இருக்கும், ஆனால் அந்தப் பட்டியல்தான் வேலைப் பட்டியல். ஒவ்வொன்றையும் கையால் பார்த்து, வை, அழி, சோதி, அடுத்ததைக் கொடு என்ற நான்கைந்து ஃபங்ஷன்களுக்கு மாற்றினோம். அந்த ஃபங்ஷன்களுக்குள் மட்டும், எண் வரம்புக்குள் இருக்கிறதா என்ற சோதனை. இதைத் தானியங்கியாக மாற்ற ஒரு ஸ்கிரிப்ட் எழுதலாமே என்றார்கள். நான் வேண்டாம் என்றேன், ஒவ்வொரு வரியையும் ஒரு மனிதர் படித்தே ஆக வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் முழு மதிப்பும், அப்படிப் படித்ததால்தான் கீழே சொல்பவை கிடைத்தன.

முதலாவது, 64 வரம்பு இருந்த காலத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்த ஒரு பிழை. சும்மா இருக்கும் சிபியுக்களின் மாஸ்க்கில் ஒரு இடத்தில் மட்டும் வெறும் 1 என்று எழுதி நகர்த்தியிருந்தார்கள். சி மொழியில் வெறும் 1 என்றால் 32 பிட் இன்டிஜர், இடப்பக்கம் 64 பிட் மாறி இருக்கிறதே என்று அது தானாக அகலமாகாது. ஆக 40-வது சிபியு சும்மா இருப்பதாகச் சொன்னால் 8-வது பிட் விழும். வேலை வந்தால் ஷெட்யூலர் (எந்த வேலை எந்த சிபியுவில் என்று முடிவு செய்யும் பகுதி) 8-வது சிபியுவை எழுப்பப் போகும், அது ஏற்கெனவே வேலையில் இருக்கும், 40 பாட்டுக்குத் தூங்கும். 64 சிபியு உள்ள பழைய இயந்திரங்களில் மேல் பாதி சிபியுக்கள் ஏன் எப்போதும் காலியாகத் தெரிகின்றன என்று வெகுகாலமாக ஒரு கேள்வி இருந்தது, சுமை கொடுக்கும் கருவியின் குணம் என்று அதற்கு ஒரு பதிலும் இருந்தது. அந்த ஒரு எழுத்தைச் சரிசெய்ததும் பழைய இயந்திரங்களிலேயே மேல் பாதி நிரம்ப ஆரம்பித்தது.

அதே வரியில் 31-வது சிபியுவுக்குத் தனி விதி. 32 பிட் எண்ணில் 31-வது பிட் என்பது குறி பிட், அதை வைத்தால் எண் எதிர்மறையாகிவிடும். எதிர்மறை எண்ணை 64 பிட்டுக்கு விரித்தால் மேலே இருக்கும் பிட்கள் எல்லாம் 1 ஆகிவிடும். ஆக 31 சும்மா இருக்கிறது என்று சொன்னால், 31-லிருந்து 63 வரை எல்லாரும் சும்மா இருப்பதாகப் பதிவாகும். 1-ஐ 64 பிட் எண் என்று சொல்லி எழுதினால் போதும், இரண்டும் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, கம்பைலருக்குக் கண் போகாத இடம்: அசெம்பிளி, அதாவது சில்லின் கட்டளைகளை நேராக எழுதிய கோடு. புரோகிராமின் மெமரி விவர ஸ்ட்ரக்டில் இன்னொரு மாஸ்க்கும் உண்டு, அதை வைப்பதும் அழிப்பதும் சிபியுவை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் (கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்) அசெம்பிளி கோடில், பிட் வைக்கும் கட்டளையால். இந்தக் கட்டளையின் குணம் தெரிந்தவர்கள் குறைவு. ரெஜிஸ்டரில் இருக்கும் எண்ணின் மேல் பயன்படுத்தினால் 70 என்பது 6 ஆகச் சுருங்கும். மெமரியில் இருக்கும் எண்ணின் மேல் பயன்படுத்தி, பிட் எண்ணை ரெஜிஸ்டரில் கொடுத்தால் சுருங்காது, அந்த முகவரியிலிருந்து 70 பிட் தள்ளிப் போய், அடுத்த எட்டு பைட்டில் இருக்கும் 6-வது பிட்டை வைத்துவிடும். எங்கள் ஸ்ட்ரக்டில் அடுத்த எட்டு பைட் எது என்றால், எத்தனை பேர் அந்த மெமரி விவரத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. 6-வது பிட் வைத்தால் அது 64 கூடிவிடும். கடைசி ஆள் விட்டுப் போகும்போது எண்ணிக்கை சுழி ஆகவில்லை, அதனால் அந்த மெமரி விடுவிக்கப்படுவதே இல்லை. மெல்ல மெல்லக் கசிந்துகொண்டிருந்த மெமரிக்கு இதுதான் காரணம். நல்ல வேளையாக அது கசிவாக மட்டும் இருந்தது. அடுத்த ஃபீல்டு ஒரு பாயின்டராக இருந்திருந்தால் கதையே வேறு.

1024 என்று முடிவு செய்தது பற்றி ஒரு வார்த்தை. ஃப்ரீபிஎஸ்டி 2023 நவம்பரில் 14.0 வெளியிட்டபோது வரம்பை 256-லிருந்து 1024 ஆக்கியது. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் சாதாரண சிபியு தொகுதிக்கும் 1024-தான். எல்லாரும் அங்கே வந்து நிற்பதால் நாங்களும். ஒரு மாஸ்க் 128 பைட், ஸ்டாக்கில் (கெர்னலில் இது சிறிய தற்காலிக இடம்) இரண்டு மூன்று வைத்தாலும் தாங்கும். 8192 என்று போனால் ஒரு மாஸ்க்கே ஒரு கிலோபைட், அப்போது அதை ஸ்டாக்கில் வைக்கவே கூடாது, லினக்ஸில் அதற்காகவே மாஸ்க்குகளை வெளியே ஒதுக்கும் ஏற்பாடு தனியாக இருக்கிறது.

ஆனால் 1024 வேறு இடத்தில் அடித்தது. எந்த சிபியு எந்த சிபியுவுக்கு எத்தனை இன்டரப்ட் அனுப்பியது என்று கணக்கு வைக்க யாரோ ஒரு சதுர அர்ரே வைத்திருந்தார்கள், வரம்பு பெருக்கல் வரம்பு, ஒவ்வொன்றும் எட்டு பைட். 64-ல் அது 32 கிலோபைட், யார் கண்ணிலும் படாது. 1024-ல் 8 மெகாபைட். கெர்னல் பிம்பம் அந்த அளவு வீங்கி, பூட்டின் ஆரம்பத்தில் அசெம்பிளி கோடு போட்டுத்தரும் தற்காலிகப் பேஜ் டேபிளின் (முகவரி மாற்றும் அட்டவணை) எல்லையைத் தாண்டிவிட்டது, கன்சோலே உயிர்பெறும் முன் இயந்திரம் ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது. வரம்பை அளவாகக் கொண்ட எந்த அர்ரேயையும் சந்தேகப்பட வேண்டும், வரம்பின் வர்க்கத்தை அளவாகக் கொண்டது என்றால் அதை எடுத்துவிட வேண்டும். பூட்டில் உண்மையில் எத்தனை சிபியு இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த அளவுக்கு ஒதுக்கினால் போதும்.

சோதனை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் லேபில் அந்தப் பெரிய இயந்திரம் ஒன்றுதான், அதற்கு எப்போதும் வரிசை. பலரும் நினைப்பது போல இந்தப் பிழைகளைப் பிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருளான கியூஇஎம்யுவில், 8 த்ரெட் உள்ள மடிக்கணினியிலேயே 288 சிபியு உள்ள மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டலாம், கியூ35 இயந்திர வகை, பிரிந்த இன்டரப்ட் சில்லு, இன்டரப்ட் ரீமேப்பிங் உள்ள இன்டெல் ஐஓஎம்எம்யு (சாதனங்கள் அனுப்பும் முகவரிகளை மாற்றித்தரும் சுற்று), இந்த மூன்று அமைப்புகளும் வைத்தால். ஆமை வேகம்தான். வாட்ச்டாக் (இயந்திரம் உறைந்ததா என்று கவனிக்கும் டைமர்) நேரங்களைத் தளர்த்தி வைக்க வேண்டும், வரிசை எண் கொடுத்து ஒவ்வொருவராக உள்ளே விடும் டிக்கெட் வகை ஸ்பின்லாக் இருந்தால் இன்னும் மோசம், அடுத்த டிக்கெட் வைத்திருக்கும் சிபியு ஓடாமல் வெளியே நிற்கும்போது மற்ற எல்லாரும் வெறுமனே சுற்றுவார்கள். (அந்த டிக்கெட் எண்ணே எங்களிடம் ஒரு பைட்டில் இருந்தது, அதையும் இரண்டு பைட் ஆக்க வேண்டியிருந்தது.) பெரும்பாலான பிழைகளுக்கு 288 கூட வேண்டாம். நகர்த்தல் பிழைக்கு 33-ம் 65-ம் போதும், எட்டு பிட் பிழைக்கு 256-ம் 257-ம். இப்போது ஒவ்வொரு இரவு பில்டிலும் இந்த எண்களில் பூட் ஆகிறது, 70-வது சிபியுவின் சோதனையும் கூடவே.

இரண்டு சோதனைகளை நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். ஒன்று, அடையாள எண்களில் ஓட்டை விடுவது. ஏபிஐசி எண்கள் வரிசையாக இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, சாக்கெட்டுக்கும் கோருக்கும் பிட் ஒதுக்கும்போது இரண்டின் அடுக்குக்கு உயர்த்தித்தான் ஒதுக்குவார்கள். மெய்நிகர் இயந்திரத்தில் 3 சாக்கெட், சாக்கெட்டுக்கு 5 கோர் என்று கொடுத்துப் பாருங்கள்: மொத்தம் 15 சிபியு, எண்களோ 0 முதல் 4, 8 முதல் 12, 16 முதல் 20. சிபியு எண்ணிக்கை அளவுக்கு அர்ரே வைத்துக்கொண்டு அதில் ஏபிஐசி எண்ணை இன்டெக்ஸாகப் பயன்படுத்தும் கோடு அங்கேயே வெளியே எழுதிவிடும். எங்களிடம் அப்படி இரண்டு இடம் இருந்தது.

மற்றது, வரம்பைக் குறைப்பது. வரம்பை 3 என்று வைத்து பில்ட் செய்து 8 சிபியு உள்ள இயந்திரத்தில் பூட் செய்யுங்கள். மிச்சம் 5 சிபியுவை விட்டுவிட்டேன் என்று ஒரு செய்தி சொல்லிவிட்டு அமைதியாக மேலே வர வேண்டும். எங்களுடையது வரவில்லை, "வரம்பை விடப் பெரியதா" என்று கேட்ட இடத்தில் "பெரியதா அல்லது சமமா" என்று கேட்டிருக்க வேண்டும், 3-ம் எண் சிபியு அர்ரேக்கு வெளியே ஒரு இடத்தில் போய் உட்கார்ந்தது. வரம்பு உயர்த்தும் வேலையில் வரம்பைக் குறைத்துச் சோதிப்பது முதலில் எல்லாருக்கும் விசித்திரமாகத்தான் தெரிந்தது. ஆனால் இன்று 1024-ஐத் தாண்டும் இயந்திரம் கையில் இல்லாதபோது, தாண்டினால் என்ன ஆகும் என்பதை வேறு எப்படிப் பார்ப்பது?

கெர்னலுக்கு வெளியே, பழைய புரோகிராம்கள். தான் எந்த சிபியுக்களில் ஓடலாம் என்று கேட்கும்போது அவை எட்டு பைட் இடம்தான் கொடுக்கும். லினக்ஸ் இதில் கறார், கெர்னல் வைத்திருக்கும் சிபியு அளவுக்குக் கொடுத்த இடம் போதவில்லை என்றால் பிழை என்று திருப்பிவிடும். எங்களால் அப்படிச் செய்ய முடியவில்லை, வாடிக்கையாளரிடம் மறுபடி கம்பைல் செய்யவே முடியாத புரோகிராம்கள் இருக்கின்றன. பெரிய விவாதம் நடந்தது. மூத்தவர் கறாராக இருப்போம் என்றார், நான் அவ்வளவு தூரம் போகவில்லை. கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு: பதிலில் இருக்கும் சிபியு எல்லாம் 64-க்குள் இருந்தால் எட்டு பைட்டில் கொடுப்போம், ஒன்று கூட அதைத் தாண்டினால் பிழை. வெட்டிச் சுருக்கிய பதிலை மட்டும் ஒருபோதும் கொடுக்க மாட்டோம். கூடவே, பழைய புரோகிராம்களை 0 முதல் 63 வரையிலான சிபியுக்களுக்குள் தொடங்கும் ஒரு தேர்வும் வைத்தோம், அதற்குள் இருப்பவைக்கு எந்த மாற்றமும் தெரியாது.

மிச்சம் இருப்பது சாதனங்களின் இன்டரப்ட். என்விஎம்இ டிரைவும் நெட்வொர்க் அட்டையும் அனுப்பும் இன்டரப்டின் முகவரியில் சிபியுவுக்கு இன்னும் எட்டு பிட்தான், அதைத் தாண்ட ஐஓஎம்எம்யுவின் இன்டரப்ட் ரீமேப்பிங் வேண்டும். இப்போதைக்கு எல்லாச் சாதன இன்டரப்டுகளையும் 0 முதல் 254 வரை உள்ள சிபியுக்களிலேயே கட்டிவைத்திருக்கிறோம், 255-வது சிபியுவில் ஓடும் த்ரெட் படிக்கக் கேட்டால் பதில் வேறு சிபியுவில் வந்து இறங்கி, அங்கிருந்து இன்னொரு இன்டரப்டாக வருகிறது. ஒரு சிபியுவுக்கு இது பரவாயில்லை. 768 த்ரெட் இயந்திரத்தில் மூன்றில் இரண்டு பங்கு சிபியுவுக்கு இதே நிலைமை வரும், அங்கே இது செல்லாது. ரீமேப்பிங் பேட்ச் பாதி எழுதியாகிவிட்டது, அந்த அட்டவணையில் சிபியு எண்ணை வைக்கும் ஃபீல்டு 32 பிட்டாகவே இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்த்தோம்.